செவ்வந்திக்கல் வெளுத்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் மூக்குக் கண்ணாடிக் கடையும் சுகம் என்று நம்புகிறேன். சுகமில்லாதது ஒரு கல் மட்டும்தான்.

வருகிற பிப்ரவரி பதினெட்டு உங்கள் அக்காவுக்குப் பிறந்தநாள். போன வருஷம் உலக உருண்டை வாங்கிக் கொடுத்தேன், அதற்கு முந்தின வருஷம் அகராதி. "ஏங்க, எனக்குப் பிறந்தநாளா, பரீட்சையா? இன்னொரு தடவை இப்படி ஏதாவது தூக்கிட்டு வந்தீங்கன்னா அதோட சரி, இனிமே எனக்கு ஒண்ணுமே வேணாம்" என்றுவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், உங்களுக்குத் தெரியாததா. ஆகவே நவம்பரிலேயே நகைக்கடைக்குப் போனேன். மாதத்துக்கு ஒரு கல்லாம், பிப்ரவரிக்குச் செவ்வந்திக்கல், கடையில் அமெதிஸ்ட் என்கிறார்கள். ஊதா மைப்புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியுமே, அந்த நிறம். பொன்னில் பதித்த மோதிரமாகவே வாங்கிவிட்டேன்.

ஒளித்து வைப்பதுதான் பெரும்பாடு. காப்பியடிக்கிற பிள்ளைகளிடம் நான் கற்ற பாடம் ஒன்று உண்டு: துண்டுச்சீட்டைச் சட்டைக்குள் வைத்தவன் அன்றைக்கே மாட்டுவான், மேஜைமேல் விரித்து வைத்தவனை மூன்று வருஷம் நான் பிடிக்கவில்லை. அதனால் மாடி ஜன்னலில் கூழாங்கல் போட்ட கண்ணாடி ஜாடி இருக்கிறதல்லவா, அதற்குள் மோதிரத்தைப் போட்டேன். நல்ல வெயில் விழுகிற ஜன்னல். நேற்று எடுத்துப் பார்த்தால், மைப்புட்டியைக் கழுவி ஊற்றின தண்ணீர் மாதிரி இருக்கிறது! கடைக்கு ஓடினேன்.

"சார், இந்தக் கல்ல வெயில்ல போட்டு வைக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே?"

"எப்ப சொன்னீங்க?"

"நீங்க எங்க ரசீதுல எழுத்துப்பிழை திருத்திட்டு இருந்தீங்களே, அப்ப."

"போன நிறம் திரும்பாதா?"

"போன வயசு திரும்புமா சார்?"

மாப்பிள்ளை, உங்கள் அக்கா என் வாயைவிட உங்கள் கண்ணைத்தான் நம்புவாள். 'வெளிறின செவ்வந்திக்கல்தான் உயர்ந்த ரகம்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தவன்தான் கேட்கிறேன், வேறு வழியில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். பதினேழுக்குள் உங்கள் பதில் வந்தால், அது எனக்கு ஆசி.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: பொய் எழுத வேண்டாம். நான் உறை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டாள். ஜாடியைத் துடைக்கும்போது முதல் வாரமே மோதிரத்தைப் பார்த்துவிட்டாளாம். தினம் மத்தியானம் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போட்டாளாம். "வெளுக்குதுன்னு தெரியும். சொன்னா உங்க ரகசியம் போயிடுமேன்னு விட்டுட்டேன். அதுவுமில்லாம நான் பிறந்தது ஏப்ரல்ல. பிப்ரவரி, பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப வாத்தியார் போட்ட தேதி" என்கிறாள். "முப்பத்தாறு வருஷமா ஏன் சொல்லல?" என்றேன். "சான்றிதழைத்தானே பார்த்தீங்க, என்னை எங்க கேட்டீங்க?" என்றாள். நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படித் தேதி போட்டவன்தான். ஏப்ரலுக்கு என்ன கல் என்று கடைக்காரருக்குப் போன் செய்து கேட்டேன். வைரமாம், துளி நிறமில்லாத வெள்ளைக் கல். உங்கள் அக்கா மோதிரத்தை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி மறுபடி ஜாடிக்குள் போட்டு, ஜன்னலில் வெயில் நன்றாக விழும் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"ஏப்ரலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல."