ஐந்து ஓம்

பிரசவ வார்டின் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டுக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'எர்த் தடை: ஐநூறு கோடி. அபாயம்.'

"ஐநூறு கோடியா? நான் எழுதினது அஞ்சுய்யா!" என்றார் தராசு.

"எனக்கென்ன தெரியும்? உங்க ஆபீஸ்லேர்ந்து வந்த தாள்தான்" என்று காவலாளி கையை விரித்தான்.

மின்சோதனை அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர் வந்து இருபது வருஷம் ஆகிறது. கசிகிற மின்சாரம் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் போக எர்த் என்று ஒரு கம்பி உண்டு. அதன் தடையை அளந்து சொல்வது அவர் வேலை. பத்து ஓமுக்குள் இருந்தால் நல்லது. இந்த வார்டில் ஐந்துதான் இருந்தது.

நாளைக் காலை அவர் மகளை இங்கேதான் சேர்க்க வேண்டும். அடுத்த ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரப் பயணம், அதுவும் குண்டும் குழியுமான சாலையில்.

விழுந்தடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். தாத்தா காலத்துப் படிவத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அதில் ஓம் என்ற கட்டமே கிடையாது. அப்ஓம், ஸ்டாட்ஓம் என்ற பழைய அலகுகளுக்கு இரண்டே கட்டங்கள். ஒரு ஓம் என்பது நூறு கோடி அப்ஓம். அவர் நேற்று ஒழுங்காகத்தான் பெருக்கிப் போட்டிருந்தார். அச்சடிக்கும்போது கம்ப்யூட்டர் அலகை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் துப்பியிருந்தது.

"பெரிய எண்ணா இருந்தாத்தானே வம்பு?" என்று சொல்லிக்கொண்டு ஸ்டாட்ஓம் கட்டத்துக்கு மாறினார். ஒரு ஸ்டாட்ஓம் கிட்டத்தட்ட தொண்ணூறாயிரம் கோடி ஓம். வகுத்தார். புள்ளிக்குப் பிறகு பதினோரு பூஜ்யம், அதற்கப்புறம் ஐந்து ஐந்து ஆறு. விரல் விட்டு எண்ணி எண்ணித் தட்டினார்.

அலுவலகம் கூட்டித் துடைக்கிற அம்மா துணியோடு வந்து நின்றாள். "சார், உங்க மீட்டர் பெட்டியைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

"அப்புறம்மா. தலைக்கு மேல வேலை கிடக்கு."

கம்ப்யூட்டர் நாலு பூஜ்யத்துக்கு மேல் படிக்காது என்பது பத்தாவது நிமிஷம் தெரிந்தது. மேலதிகாரியான அம்மையார் தாளை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"தடை பூஜ்யமா? உலகத்துல எங்கேயாவது பூஜ்யம் ஓம் எர்த் உண்டா? போகாமலேயே இட்டுக்கட்டி எழுதியிருக்கீங்க!"

தராசுவுக்கு முகம் செத்துப்போயிற்று. "மேடம், முப்பது வருஷ சர்வீஸ். கண்ணால பாக்காத ஒரு எண்ணை நான் எழுதினதில்லை."

"அதை விசாரணையில சொல்லுங்க. அதுவரைக்கும் வார்டு பூட்டியே இருக்கட்டும்."

போன் அடித்தது. மகள்.

"அப்பா, இப்பவே லேசா வலிக்குதுப்பா. வரலாமா?"

"அஞ்சு நிமிஷம் பொறும்மா" என்றார்.

போனை வைத்தவர் நேரே அலமாரிக்குப் போனார். மூன்று வருஷப் பதிவேடுகளை அள்ளிக்கொண்டு வந்து அதிகாரியின் முன்னால் போட்டார். "நீங்களே பாருங்க. இட்டுக்கட்டுறவன் இப்படி எழுதுவானா?"

அம்மையார் புரட்டினார். பள்ளிக்கூடம், ஐந்து ஓம். நூற்பாலை, ஐந்து ஓம். நீதிமன்றம், ஐந்து ஓம். பிரசவ வார்டு, போன வருஷமும் ஐந்து, இந்த வருஷமும் ஐந்து. பக்கம் பக்கமாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அம்மையாரின் முகம் மெல்ல இளகியது. "எவ்வளவு சீரா இருக்கு! தப்பா நினைச்சிட்டேன், மன்னிச்சிடுங்க."

கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டு, தன் கைப்படவே 'ஐந்து ஓம், பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போன் போனது. பூட்டைத் திறந்தார்கள்.

தராசு நாற்காலியில் சரிந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். "கிளம்பி வாம்மா. ஒரு பயமும் இல்ல. அப்பா அளந்த இடம்."

"கார்லதான்பா இருக்கோம். ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துட்டோம்."

அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. எதிரே துடைக்கிற அம்மா இன்னும் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப கேளும்மா, என்ன?"

"ஒண்ணுமில்ல சார். பெட்டியைத் துடைக்கத் திறக்கிறப்பல்லாம் பாக்குறேன், ஒயர் எதுவும் மாட்டாமலேயே முள்ளு அஞ்சுல நிக்குதே, அப்ப அது எதை சார் அளக்குது?"