பின்னலில் ஒரு சிவப்புப் பூ

"அம்மா, அதைத் தலையில வெச்சுக்கக் கூடாது," என்றாள் பைரவி.

அனந்தலக்ஷ்மியின் கை பின்னலிலேயே நின்றது. சூப்பர் மார்க்கெட் வாசல் பெஞ்சில் ஒரு அமெரிக்கப் பெரியவர் சிவப்புக் காகிதப் பூவை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கல்யாண வரவேற்பில் பன்னீர் தெளித்துப் பூ கொடுப்பார்களே, அந்தப் பழக்கத்தில் இவளும் சிரித்துக்கொண்டே வாங்கிச் சொருகிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"ஏண்டி, நல்லாத்தானே இருக்கு?"

"இட்ஸ் ஃபார் த சோல்ஜர்ஸ். கல்ஃப் வார்ல அடிபட்டுத் திரும்பி வந்தவங்களுக்காக விக்கறாங்க. பேட்ஜ் மாதிரி சட்டையில குத்திக்கணும். என் ஃபிரெண்ட் ஜெனிஃபரோட டாடிக்குக்கூடக் கால் போயிடுச்சு. நீ காசே குடுக்கல."

அனந்தலக்ஷ்மிக்குக் காது மடல் சுட்டது. கால் போனவனின் பூவை ஓசியில் சூடிக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கியிருக்கிறாள்!

தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். பெரியவர் கையில் ஐந்து டாலரைத் திணித்தாள்.

"நோ, நோ, மேடம்," என்றார் அவர்.

குறைச்சலாகக் கொடுத்துவிட்டோமோ? இருபதை நீட்டினாள். அவர் இன்னும் வேகமாகத் தலையாட்டினார்.

கோபம்தான். சந்தேகமே இல்லை. பூவையாவது திருப்பிக் கொடுப்போம் என்று பின்னலிலிருந்து பிடுங்கினாள். காம்புக் கம்பி முடியில் சிக்கிப் பூ பாதியாகக் கிழிந்து வந்தது. தேங்காய் எண்ணெய் மினுங்கும் அந்தப் பாதியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று.

பைரவி நாலடி தள்ளி, வேறு யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி நின்றாள். அதைத்தான் அனந்தலக்ஷ்மியால் தாங்க முடியவில்லை. நாளைக்கு இவள் ஜெனிஃபர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

"ஐ ஆம் வெரி சாரி," என்று எல்லார் எதிரிலும் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியவர் பதறி எழுந்து, அவரும் கும்பிட்டார்.

கதவு திறந்தது. தள்ளுவண்டியோடு வெளியே வந்த வயதான அம்மாள், பெரியவரின் கையிலிருந்த பாதிப் பூவைப் பார்த்தாள். அனந்தலக்ஷ்மியின் பின்னலில் தொங்கிய மீதியைப் பார்த்தாள்.

"கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு பூ வாங்கித் தராத மனுஷன், இன்றைக்குத்தான் அந்தப் பக்கத்து வாசலில் சோல்ஜர்களிடம் முதல் பூ வாங்கினார். அதுவும் உன் தலைக்குத்தான் போயிற்றா?"