பலகைக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர்

அந்தப் பேராசிரியர் பொய் சொல்கிறார். போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது. எழுபதுகளில் தூத்துக்குடியில் ஓர் ஆராய்ச்சி செய்தாராம். அங்கிருந்த வெள்ளந்தி மக்கள் கம்ப்யூட்டரை மனிதர் என்றே நம்பி, அதனிடம் சொந்தக் கதை, குடும்பக் கதை எல்லாம் பேசினார்களாம். கூடவே கன்னத்தில் கை வைத்து ஒரு போட்டோ.

அந்தக் கம்ப்யூட்டர் நான்தான்.

அப்போது நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபிரிண்டர் அடித்துக்கொண்டிருந்தேன். என்னைவிட வேகமாக அடிக்க ஊரில் ஆள் கிடையாது. (நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.) சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் என் முதலாளியிடம் பேசி என்னை ஒரு வாரத்துக்கு வாங்கினார். சாதாரண ஜனங்கள் கம்ப்யூட்டரிடம் எப்படிப் பேசுவார்கள் என்று அவர் பார்க்க வேண்டும். ஆனால் பேசுகிற கம்ப்யூட்டர் அவரிடம் இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்.

சரக்கு இல்லாமல் கிடந்த ஒரு கிட்டங்கியின் நடுவில் ஒட்டுப்பலகையால் தடுப்பு வைத்தார். முன்பக்கம் ஒரு டெலிபிரிண்டர், பின்பக்கம் ஒரு டெலிபிரிண்டர், நடுவில் ஒயர். ஜனங்கள் கேட்பதை அவருடைய மாணவன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடிப்பான். பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நான் பதில் அடிப்பேன். அது அவனிடம் தாளில் வரும், அவன் உரக்க வாசிப்பான். கப்பல் வரவு, ரயில் நேரம், காற்று, இந்த மூன்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. வேறு எதைக் கேட்டாலும் “கேள்வி புரியவில்லை” என்று அடிக்க வேண்டும்.

“யாருக்கும் தெரியக் கூடாது. இந்த வாரம் முழுக்க நீ ஒரு இயந்திரம்” என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கழுத்தை வேறு நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். இயந்திரம் அப்படித்தான் உட்காரும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

எங்கள் கடற்கரையில் யாரோடும் பேச்சைத் தொடங்குமுன் ஒன்று கேட்டாக வேண்டும். நீ யார் வீட்டுப் பிள்ளை? சண்டைக்கு வந்தவனிடம்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் கை ஓங்குவார்கள். முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் இன்னாசி. கொழும்புக்குச் சரக்குத் தோணி கொண்டுபோகும் தண்டல் அவர், தோணிக்கே தலைவர். (அவர் மகனை எனக்கு மாப்பிள்ளையாகப் பேசி, நான் வேண்டாம் என்று சொல்லியிருந்த நேரம். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை.) வந்தவர் மாணவனிடம், இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கச் சொன்னார். கேள்வி புரியவில்லை என்று அடித்தேன். காது கேட்காத பிள்ளையோ என்று நினைத்து, மறுபடி சத்தமாகக் கேட்டார். மறுபடியும் புரியவில்லை என்றேன்.

“வீட்டுப் பேரைச் சொல்லாதவன் காத்தைப் பத்திச் சொன்னா எவன்ல நம்புவான்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பின்னாலேயே எல்லோரும் போனார்கள். மத்தியானத்துக்குள் கிட்டங்கி காலி.

பேராசிரியர் பலகைக்குப் பின்னால் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் டெல்லியிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். “ஏதாவது ஒரு வீட்டுப் பெயரை அடித்துத் தொலை” என்றார். இதைப் பேட்டியில் அவர் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இன்னாசியை மாணவன் கெஞ்சிக் கூட்டிவந்தான். அவரோடு பாதித் தெரு வந்தது, என் சித்தி ரெஜினாவும் வந்தாள். பழைய கேள்விதான் முதலில் வந்தது. ஊரான் வீட்டுப் பெயரை அடித்தால் அவன் வந்து அடிப்பான். அவசரத்தில் என் வீட்டுப் பெயரையே அடித்துவிட்டேன்: நங்கூரத்தார் வீடு.

மாணவன் வாசித்தான். நங்கூரத்தார் வீட்டில் டெலிபிரிண்டர் அடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். எங்கே போகிறாள் என்று வீட்டில் சொல்லாமல் இரண்டு நாளாகப் போய்வருகிறவளும் அவளேதான். அங்கே நின்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. நாற்காலியில் இருந்தவர்களுக்கு மட்டும் விளங்கவில்லை.

“அப்போ எனக்கு மகள் முறைல்லா” என்றாள் சித்தி. “ஏளா, சாப்பிட்டியா?”

சித்தி கேட்டால் பதில் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. சாப்பிட்டேன் என்று அடித்தேன். அதிகாரிகள் மும்முரமாகக் குறிப்பு எழுதினார்கள். பேராசிரியர் முகம் திருவிழாச் சப்பரம் மாதிரி ஜொலித்தது. அதற்குப் பிறகு தெருவே வரிசையில் நின்றது. காய்ச்சல் விட்டதா என்று ஒருத்தி கேட்டாள். பழைய ரவிக்கையைத் தைத்து வாங்கினாயா என்று இன்னொருத்தி கேட்டாள். கேலி என்று தெரிந்தும் எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் அடித்தேன். கடைசியில் மறுபடி சித்தி வந்தாள்.

“இன்னாசி அண்ணன் மகனை வேண்டாம்னு சொன்னியே. அண்ணன் இங்கனதான் நிக்காவ. காரணத்தைச் சொல்லு.”

கேள்வி புரியவில்லை என்று அடித்திருந்தால் தப்பித்திருப்பேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அடித்தேன். மாணவன் எழுத்துக் கூட்டி, அதிகாரிகளுக்கு நேராக நின்று வாசித்தான்: “அவர் குழம்பை உறிஞ்சுற சத்தம் கப்பல் சங்கு மாதிரி இருக்கு.”

கிட்டங்கித் தகரம் அதிரச் சிரித்தார்கள். இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “அது எங்கிட்ட இருந்து வந்ததுளா. எங்க வீட்டுல அது ஒரு சத்தமாவே தெரியாது.”

ஓடிப்போகலாம் என்று எழுந்தேன். சேலை ஒயரில் மாட்டியது, நான் பலகையில் சாய்ந்தேன், பலகை முன்பக்கம் விழுந்தது. டெல்லிக்காரர்களுக்கு எதிரில், கழுத்தில் தாளைச் சுற்றிக்கொண்டு நின்றேன். பேராசிரியர் சட்டென்று, நான் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் என்று அவர்களிடம் சொன்னார்.

“மெக்கானிக்கா? எங்க அக்கா மகள்லா அது” என்றாள் சித்தி.

இன்னாசியின் மகன்தான் என் வீட்டுக்காரர். பலகை விழுந்த கதையைக் கேட்டு, சத்தமில்லாமல் சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். (கல்யாணம் வரைக்கும்தான் காட்டினார்.) உலகத்திலேயே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டவன் நான் ஒருத்தன்தான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்கிறார். பேரன் பேத்திகள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்கிறார்கள். சொல்லட்டும், எனக்குப் பெருமைதான்.

என் ஜனங்கள் இயந்திரத்தை மனிதர் என்று நம்பவில்லை. மனிதரை வைத்து இயந்திரம் என்று ஏமாற்றியதை ஒரே கேள்வியில் பிடித்தார்கள். ஏமாந்தவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். எங்களை வெள்ளந்தி என்று அச்சில் போட்டுவிட்டு நீங்கள் சும்மா போய்விட முடியாது, பேராசிரியரே. அன்றைக்குப் பலகைக்குப் பின்னால் ஆள் இருந்தாளா, இல்லையா? எனக்குக் கடிதம் போட வேண்டாம். அதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டு, எல்லோரும் பார்க்கப் பதில் எழுதுங்கள்.