யானைக் கழுத்தில் ஓர் அரசாங்கம்

உங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். பெயர் வேறாக இருக்கலாம், மீசை வேறாக இருக்கலாம், ஆள் அவர்தான். நாட்டை ஆள்வது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இல்லை, அவர்களுக்கும் மேலே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம் என்பதை அறிந்தவர். எப்படி அறிந்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். விளக்கம் முடியும்போது இரண்டு டீக்கும் நீங்கள்தான் காசு கொடுத்திருப்பீர்கள். இந்த இனத்துக்கு நான் 'மேலிடம் அறிந்தவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சமவெளியில் இவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கூடலூர் மலையில், எங்கள் ஓவேலியில் மழையும் மூடுபனியும் இருந்தால் போதும், தேயிலையைப் போலத் தாமாகவே தழைத்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு வாய்த்தவர் சுப்பண்ணன். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பஜாரில் ஆணி, கம்பி, பெயின்ட், தார்ப்பாய் விற்கிற கடை வைத்திருக்கிறார். நான் எதிர்க் கடையில் தையல் மிஷின் மிதிக்கிறவன். ஆகவே அவருடைய ஆராய்ச்சி முடிவுகள், நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், முதலில் எனக்குத்தான் வந்து சேரும்.

அதற்கென்று ஒரு சடங்கு உண்டு. முதலில் இருபுறமும் பார்ப்பார். தெருவில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லாவிட்டாலும் பார்ப்பார். நாயையும் ஒரு தடவை நன்றாகப் பார்ப்பார். பிறகு தன் போனை எடுத்து ஆணி டப்பாவுக்குள் போட்டு மூடுவார், அவர்கள் ஒட்டுக் கேட்டுவிடக் கூடாதாம். மூடிவிட்டு, அதே போனில் காலையில் வந்த செய்தியைத்தான் சொல்லுவார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கும், புருவம் ஏறும், கை மட்டும் வானத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். எல்லாம் முடிந்ததும் உடம்பைத் தளர்த்திக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்பார்.

கரண்ட் போனால் மேலிடம். போகாவிட்டால், இன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை? கூடலூர் பஸ் தாமதமானால் சதி. நேரத்துக்கு வந்துவிட்டால் அதைவிடப் பெரிய சதி. பச்சைக் கொழுந்தின் விலை இறங்கினால், குன்னூர்த் தேயிலை ஏலத்தில் எவனோ விரலை அசைத்திருக்கிறான். ஏறினால், எதையோ மறைக்க ஏற்றியிருக்கிறார்கள். ஆதாரம் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டேன். இருந்தால் விட்டு வைப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். இதற்குப் பதில் உண்டா? ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

சிரிக்காதீர்கள், இதில் ஒரு சுகம் இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் பட்டா கேட்டு அலைந்தவர்கள் உண்டு, ஒரே ஒரு பல்புக்குக் கரண்ட் கேட்டு அலைந்தவர்கள் உண்டு. ஓர் ஆபீஸ் அடுத்த ஆபீஸைக் காட்டும், அது ஊட்டியைக் காட்டும், ஊட்டி இன்னும் மேலே காட்டும். ஏன் என்று மட்டும் யாரும் வந்து சொன்னதில்லை. உண்மை என்னவாக இருக்கும்? நம்முடைய மனு வேறொரு மனுவுக்கு அடியில் கிடக்கும், அதை எடுக்க வேண்டியவர் லீவில் இருப்பார். இதை மனிதன் எப்படித் தாங்குவான்? லீவில் போன ஒருவரை எத்தனை காலம் வெறுக்க முடியும்? அதைவிட, எங்கேயோ ஓர் அறையில் பெரிய பெரிய ஆட்கள் கூடி, ஓவேலியின் வரைபடத்தை மேஜையில் விரித்து, நம்மைக் கெடுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்றால் அது எவ்வளவு மரியாதை. நம்மை மறக்கவில்லை பாருங்கள்.

இப்படிப் பேச்சோடு இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. யானைக்குப் பட்டை மாட்டிய பிறகுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குள் ஒரு கொம்பன் யானை அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தது. வனத்துறைக்காரர்கள் அதற்கு மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி அனுப்பினார்கள். பட்டைக்குள் இருக்கும் கருவி யானை எங்கே நிற்கிறது என்று சொல்லும். லயத்துக்கோ பஜாருக்கோ பக்கத்தில் வந்துவிட்டால், நம்பர் கொடுத்து வைத்தவர்களின் போனில் ஒரு பதிவுக் குரல் வரும்: யானை அருகில் இருக்கிறது, வெளியே வர வேண்டாம். இவ்வளவுதான். குழந்தைக்கும் புரியும். குழந்தைக்குப் புரிகிற விஷயம் சுப்பண்ணனுக்கு எப்படிப் போதும்?

அவர் கண்டுபிடித்தது இது. அந்தக் கருவி யானை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு இல்லை, யானையை ஓட்டுவதற்கு. மேலே ஒருவன் உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கினால் அது இடப்பக்கம் திரும்பும், இன்னொன்றை அமுக்கினால் வலப்பக்கம் திரும்பும், ஆட்டோ மாதிரி. லயம் லயமாக எங்களைத் துரத்திவிட்டுப் பள்ளத்தாக்கைக் காலி செய்துகொள்வதுதான் ஏற்பாடு. அப்படியானால் போன் எதற்கு? சுப்பண்ணன் ஆணி டப்பாவை இறுக மூடினார்.

"ஊட்டுல ஆள் இருக்குதான்னு பாக்கறாங்க. எடுத்தீங்கன்னா தெரிஞ்சு போயிரும், ஆனைய நேரா அங்கெ திருப்பி உட்டுருவாங்க. எடுக்காதீங்க."

நிரூபணமும் கைவசம் இருந்தது. அவர் அந்தப் போனை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அவர் வீட்டுக்கு யானை வந்ததும் இல்லை. பஜார் நடுவில், கடைக்கு மேலே கான்கிரீட் மாடியில், இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவர் வீட்டுக்கு எந்த யானை படியேறி வரும் என்று யாரும் கேட்கவில்லை. லயத்தில் பல பேர் போனைத் துண்டிக்க ஆரம்பித்தார்கள்.

அவர்களில் மூக்கம்மாவும் ஒருத்தி. சிலோனிலிருந்து வந்த குடும்பம், மேல் லயத்தின் கடைசி வீடு, வீட்டுக்குப் பின்னால் பலா மரம். கொழுந்து பறிக்கிறவள். விடிந்தும் விடியாமலும் தேயிலைக்கு நடுவே நடந்து, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். அவள் நடக்கும் பாதைதான் யானை நடக்கும் பாதையும். அந்தப் போன் இந்த ஊரில் யாருக்காவது உயிர்ப் பிரச்சினை என்றால் அவளுக்குத்தான்.

ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை போன் அடித்தது. மூக்கம்மா துண்டித்தாள். மறுபடி அடித்தது. சுப்பண்ணன் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது, விடாமல் வேவு பார்க்கிறார்கள் என்று நினைத்து மறுபடி துண்டித்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மூடுபனிக்குள் எதிரே ஒரு பாறை தெரிந்ததாம். இங்கே பாறை ஏது என்று அவள் யோசிப்பதற்குள் பாறை காதை ஆட்டியது. திரும்பி ஓடியவள் தேயிலைக்கு இடையில் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். யானை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பலாப்பழத்தில் வேலை இருந்தது. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்தக் கை போனால் வேறு என்ன இருக்கிறது? மாவுக்கட்டைப் பிரிக்கும்வரை வேலை இல்லை, கூலியும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு அன்று சாயங்காலம் எதிர்க் கடைக்குப் போனேன். அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எத்தனை காலம் எதிரே உட்கார்ந்திருந்து என்ன பயன், இந்த இனத்தைப் பற்றி நான் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை.

"பாவமுங்க அந்தப் புள்ள" என்றார் சுப்பண்ணன். உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மிதிக்கல. ஏன் மிதிக்கல? மிதிக்காதேன்னு மேல இருந்து உத்தரவு. இது நமக்கெல்லாம் ஒரு எச்சரிக்கைங்க."

மிதித்திருந்தால் அவர் சொன்னது சரி. மிதிக்காததால் இன்னும் சரி. நான் வாயைத் திறப்பதற்குள் மாடியில் ஒரு போன் அடித்தது. ஒரே அடிதான், உடனே எடுத்துவிட்டார்கள். மாடிப்படியில் அவர் மனைவி கனகமணி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆனை பக்கத்துல வந்துருச்சாமா. ஷட்டர எறக்கிப் போட்டு மேல வாங்க."

மேலிடத்தை அங்கேயே அந்தரத்தில் நிறுத்திவிட்டு, சுப்பண்ணன் ஷட்டரை இறக்கினார். அந்த வயதில் அத்தனை வேகம் நான் எதிர்பார்க்கவில்லை. பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து, என்னையும் சீக்கிரம் கடையைச் சாத்தச் சொன்னார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

மறுநாள் கனகமணி அக்காவிடம் கேட்டேன். உங்கள் நம்பரை வனத்துறையில் யார் கொடுத்தது?

"அவருதானுங்க கொடுத்தாரு, மொத நாளே" என்றார் அவர், அரிசி புடைத்துக்கொண்டே. "அவரு பேசறது பேச்சுங்க. ஆனை வர்றது நெசமில்லீங்களா?"

இதை மூக்கம்மாவிடம் போய்ச் சொன்னேன். பத்ரகாளியாகப் பஜாருக்கு இறங்கி வருவாள் என்று நினைத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையும் பட்டேன். அவள் இடது கையால் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்டாள். ஆற்றி முடித்ததும் சொன்னாள்:

"அந்தப் போனுல பேசுறது யாருன்னு தெரியாதுண்ணே. நம்ம ஒண்ணு கேட்டா அது பதில் சொல்லாது. சுப்பண்ணன் கடையில ஒக்கார வச்சு, மூக்கம்மா, மூக்கம்மான்னு பேரு சொல்லி வெளக்குனாரு. இத்தன வருசத்துல எனக்கு ஒரு விசயத்த ஒக்கார வச்சு வெளக்குன ஆளு அவருதான்."

சொல்லிவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் தேத்தண்ணி ஊற்றினாள்.

சுப்பண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது போனை அவசியம் எடுக்க வேண்டும் என்கிறார். எடுக்காதவர்களைத்தான் மேலிடம் தனியாகக் குறித்து வைக்கிறதாம். லயத்தில் எல்லாரும் எடுக்கிறார்கள். மூக்கம்மாவும் எடுக்கிறாள். காரணம் தப்பு, காரியம் சரி. நான் திருத்தப் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நன்றாகச் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நடுவில் எங்கேயோ, இந்தத் தையல்காரன் ஏன் யானைப் பட்டைக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறான், இவனை எழுதச் சொன்னது யார், அதுவும் இப்போது ஏன் என்று உங்களுக்குள் ஒரு பூச்சி ஊர்ந்ததா இல்லையா? ஊர்ந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம், சந்தேகப்படுவது குற்றமில்லை. அதை அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லப் போகுமுன் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டு மாடியில் போனை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.