இடைவேளை அண்ணாச்சி பார்க்காத காட்சி

எங்கள் சங்கரன்கோவிலில் அதிகமாக சினிமா பார்த்த மனிதர் யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இடைவேளை அண்ணாச்சி என்று சொல்லிவிடலாம். ஒரு சினிமாவைக்கூட முழுசாகப் பார்க்காத மனிதர் யார் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

அண்ணாச்சி எங்கள் எதிர்வீட்டுக்காரர். பல வருஷம் ஒரு தியேட்டரில் கேண்டீன் நடத்தியவர். படம் தொடங்கியதும் உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து நின்று பார்ப்பார். இடைவேளைக்குச் சற்று முன்னால் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வடை, டீ, கூட்டம், சில்லறைத் தகராறு எல்லாம் ஓய்ந்து அவர் திரும்ப உள்ளே வரும்போது கதை எங்கேயோ போயிருக்கும். ஆக, டைரக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து வைத்த திருப்பத்தை மட்டும் அவர் பார்த்ததே கிடையாது.

"நேத்து வரைக்கும் அண்ணேன்னு கூப்பிட்டவன் இன்னைக்கு எதுக்கு அருவாளத் தூக்குதான்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்ல வே" என்பார்.

ஆனால் அவருடைய காது இருக்கிறதே, அது தனி ரகம். படம் வந்த மறுநாளே, இந்த இடத்தில் வயலின் வரும், அப்போது வடையை எண்ணெயில் போட்டால் லைட் எரியும்போது சரியாகச் சிவந்திருக்கும் என்று பிடித்துவிடுவார். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே சரக்கை நீட்டுவார்.

"அழுத மூஞ்சிக்கு டீ. சிரிச்ச மூஞ்சிக்கு முறுக்கு. கடுப்புல வாரவனுக்கு மொளகா பஜ்ஜி. கேக்க விடக்கூடாது, அதுக்கு முன்னாடியே குடுத்துரணும்."

"ஒண்ணுமே தெரியாத மூஞ்சியா வந்தா அண்ணாச்சி?"

"அவன் தூங்கிட்டு வாரான். தண்ணி போதும்."

இந்த இடைவேளைப் புத்தி அவரை வீட்டிலும் தெருவிலும் விட்டதில்லை. முழங்கால் முட்டு ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம், "நடுவுல எப்ப நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டவர் அவர். ஒரு தடவை எங்கள் தெருவில் தறி போட்டிருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு பொதுச்சுவருக்காக நடுத்தெருவில் நின்று கட்டிப் புரண்டார்கள். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது அவர்கள் ஏச்சு. நாங்களெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி இரண்டு டம்ளர் டீயோடு நடுவில் போய் நின்றார்.

"முதல் பாதி நல்லாத்தான் போச்சு மக்கா. டீயக் குடிச்சுட்டு மிச்சத்த ஏசுங்க."

குடித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாம் பாதி நடக்கவே இல்லை. அந்தச் சுவர் இன்றைக்கும் இருக்கிறது, அண்ணன் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். நான் படித்த படிப்புக்கு இப்படி ஒரு யோசனை எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது.

இப்பேர்ப்பட்ட மனிதரை ஒரே ஒரு படம் தூங்கவிடாமல் அடித்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் இதை வைத்துவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள்.

அண்ணாச்சிக்குக் கல்யாணம் ஆன புதிது. பெண்டாட்டியை, அதாவது எங்கள் மதினியைத் தியேட்டருக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, பக்கத்து சீட்டில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, "இந்தா வந்துருதேன்" என்று கேண்டீனுக்குப் போயிருக்கிறார். இடைவேளையில் மதினி அழுதுகொண்டே வெளியே வந்தாளாம். காலில் அம்மிக்குழவி விழுந்தபோதுகூட அழாத மதினி அவள்.

"என்னட்டி ஆச்சு?"

"பாத்தாத்தான் தெரியும்."

அன்றிலிருந்து எத்தனை விதமாகக் கேட்டாலும் இதே பதில். தெருவில் விசாரித்தால் ஒருவர் ஹீரோயின் செத்துப்போவாள் என்றார், இன்னொருவர் வீடு தீப்பிடிக்கும் என்றார். பெண்டாட்டியை அழவைத்தது எது என்று தெரியாமலே ஒரு மனிதர் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

முட்டுவலியால் கேண்டீனை விட்டபிறகு, கோயம்புத்தூரில் இருக்கும் மகன் பெரிய டிவி வாங்கி மாட்டி, படம் பார்க்க மாதச் சந்தாவும் கட்டிக் கொடுத்தான். அந்தச் சந்தா ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. முதல் குற்றம், படம் இடைவேளைக்கு நிற்பதில்லை. இவர் பழக்கதோஷத்தில் எழுந்து டீ போடப் போனால் அது பாட்டுக்கு ஓடியது. இரண்டாவது, கண் அசந்தால் டிவி நடுவில் நின்று, இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்டது.

"துட்டையும் வாங்கிட்டு, பாக்கியா பாக்கியான்னு கேக்கான். நம்ம தியேட்டர்ல தூங்குனவன என்னைக்காவது எழுப்பிருக்கமா வே?"

மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது. "கொரியாக்காரன் படமெல்லாம் அடுக்கி வச்சிருக்கான். என் படம் இல்ல." சந்தாவை நிறுத்தச் சொல்லிவிட்டு, டிவி மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டார்.

போன மாதம் தற்செயலாக என் போனில் அந்தப் படம் கண்ணில் பட்டது. அதே கம்பெனிதான். ஆனால் சந்தாவுக்கு மேலே தனியாக வாடகை கட்டினால்தான் பார்க்கலாம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"உள்ள வந்து உக்காந்தவன்ட்ட மறுபடியும் டிக்கெட் கேப்பானா?" என்று சீறினார். பிறகு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மதினியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒருத்தன் படம் ஊத்திக்கிட்டுன்னு அவனோட அடுத்த படத்துக்கு நான் வடை சுடாமலா இருந்தேன்? இன்னொரு சான்ஸ் குடுப்போம். போடும் வே."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போர்வை விலகியது. ரிமோட் மதினி கையில். அவள் பக்கத்தில் அண்ணாச்சி, தரையில் நான். படம் நன்றாகத்தான் போனது. ஹீரோயின் புருஷனோடு ஊருக்குப் போவதற்காக ரயிலேறி, அவனுக்காகப் பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக் காத்திருக்கிறாள். வயலின் ஆரம்பித்தது.

அண்ணாச்சி எழுந்தார். நேராக அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மதினி அலட்டிக்கொள்ளாமல் ரிமோட்டை அமுக்கினாள். ரயில் அப்படியே நின்றது.

"இங்கேருங்க. நிப்பாட்டி வச்சிருக்கேன். வந்து உக்காருங்க."

அசடு வழிய வந்து உட்கார்ந்தார். படம் மறுபடி ஓடியது. புருஷன் வரவில்லை. ரயில் கிளம்புகிறது. வயசான ஒருவர் வந்து, "இந்த சீட்ல ஆள் இருக்கா?" என்று கேட்கிறார். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இல்ல" என்கிறாள். திரையில் இடைவேளை என்று எழுத்து வந்தது. சாவும் இல்லை, தீயும் இல்லை. அவ்வளவுதான்.

மதினி திரையை நிறுத்தினாள். அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தத் துண்டு..." என்றார்.

"ஆமா. அன்னைக்கு எங்கிட்டயும் ஒரு அம்மா வந்து கேட்டா, ஆள் இருக்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னேன். கேண்டீன்ல நிக்காவ, வருவாவன்னேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதினி முந்தானையை எடுத்தாள். அவர் கற்றுக்கொடுத்தபடி இரண்டு முகங்களையும் பார்த்தேன். இரண்டுமே டீ முகம். கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்று நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

நான் போடும் டீ எப்படி இருக்கும் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது திரையில் இடைவேளை என்றுதான் நின்றுகொண்டிருந்தது. என் பிரியத்துக்குரிய அண்ணாச்சி இருந்த இடத்தை விட்டு எழவில்லை.