பதினாறாவது தோள்

"அசையாதீங்க, குவாபரா சான்" என்றார் தெத்சுயா, தொண்டைக்குழியில் சவரக் கத்தியை வைத்தபடி. "சாமிப் பல்லக்குத் தூக்கப் பதினாறு பேர் வேணும். கோயில் பலகையில இந்த வருஷம் பதினஞ்சு பேர்தான் இருக்கு. என் பேரைப் போட்டா என்ன?"

திருவிழாத் தலைவர் குவாபரா கண்ணை மட்டும் உருட்டினார். "கத்தியை எடுத்துட்டுக் கேளுங்க, ஒசாகாக்காரரே."

தெத்சுயா அந்தத் தீவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். பல்லக்குத் தூக்கும் அத்தனை பேருக்கும் அவர்தான் முடிவெட்டுகிறார். ஒவ்வொரு பிடரியும் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் திருவிழாவன்று பாதையோரம் நின்று கைதட்டுவதோடு சரி. பல்லக்கு கடல்மூட்டத்துக்குள் மிதந்து மறையும்போது, அவருடைய வெறும் தோள் குறுகுறுக்கும்.

"ஊர்க்காரன்னா மலைமேட்டுல குடும்பத்துச் சமாதி இருக்கணும். உங்களுக்கு இல்லையே?" என்றார் குவாபரா.

அவ்வளவுதானே! மறுமாதமே மலைமேட்டில் பளபளவென்று ஒரு கல் எழுந்தது. அதில் தெத்சுயாவின் குடும்பப் பெயர்: 'ஒகுமுரா குடும்பம்.' குவாபரா அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"கல்லு ஜோரா இருக்கு. உள்ளே யாரு?"

"யாருமில்லை."

"காலி வீட்டுக்குப் பேர்ப்பலகை மாட்டினா ஆச்சா? உள்ளே ஆள் வேணும்."

"நானே உள்ளே போயிட்டா பல்லக்கை எப்படித் தூக்குறது?"

"அதான் பாருங்க, சிக்கல்."

அன்றே ஒசாகாவுக்குப் போன் பறந்தது. "அண்ணே, அப்பாவோட அஸ்தியை எனக்குக் குடுத்துடேன்."

"டேய், அப்பாவுக்கு மீன் வாடையே ஆகாது. படகுன்னா குமட்டும்."

"இப்ப எப்படிக் குமட்டும்?"

அண்ணன் சற்று யோசித்தார். "அதுவும் சரிதான்."

வெள்ளைத் துணி சுற்றிய கலசத்தோடு தெத்சுயா படகேறினார். கடல் எது, வானம் எது என்று தெரியாத மூட்டம். படகு போகிறதா, தீவுதான் மிதந்து வருகிறதா? அந்த மயக்கத்தில் கண் சொக்கியது. துறை வந்ததும் திடுக்கிட்டு எழுந்து, குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்கினார். கலசம் இருக்கையில் உட்கார்ந்தபடியே அடுத்த தீவுக்குப் போய்விட்டது.

வீட்டு வாசலில்தான் உறைத்தது. துறைக்கு ஓடினார். "அப்பாவைப் படகுல விட்டுட்டேன்!"

"வயசு?" என்றார் துறைக்காரர், பென்சிலை எடுத்து.

"எண்பத்தொண்ணு. செத்து ஆறு வருஷமாச்சு."

ஏழு மீன்பிடிப் படகுகள் கிளம்பின. சாயங்காலம் கொடி கட்டிக்கொண்டு கலசத்தோடு திரும்பின. குவாபராவே அதை மடியில் வாங்கிக்கொண்டார்.

"பாவம் மனுஷன், தனியா எங்கெல்லாம் சுத்தினாரோ! பெத்த பிள்ளைக்குக் குடை பெரிசாப் போச்சு."

அடக்கம் வரை கலசம் தெத்சுயாவின் கடை நாற்காலியில் வீற்றிருந்தது. ஊரே வந்தது, முடிவெட்டிக்கொள்ள அல்ல. கருவாடு வந்தது, சாக்கே என்னும் அரிசி மது வந்தது, முலாம்பழம் வந்தது.

"ஐயா, பயணக் களைப்பு தீந்துதா?"

"நம்ம ஊர்க் காத்து ஒத்துக்குதா?"

தெத்சுயா எட்டிப் பார்த்தால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அப்பாகிட்டப் பேசிட்டிருக்கோம்ல!" என்று அதட்டினார்கள்.

கலசத்தை மலைமேட்டுக் கல்லுக்குள் இறக்கியபோது ஊர் மொத்தமும் தலைகுனிந்து நின்றது. குவாபரா விசும்பினார். தெத்சுயாவுக்கு நம்பிக்கை பிறந்தது.

மறுநாள் காலை கோயில் முற்றத்துக்குப் போனார். பெயர் எழுதும் சிசுகோ அம்மா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். மூட்டத்துக்குள் பலகை தொங்கியது. கடைசியில் ஈரம் காயாமல் மின்னியது பதினாறாவது பெயர்: ஒகுமுரா...

கால் தரையில் பாவவில்லை. கனவில் நடப்பதுபோல் கிட்டே போனார். ஒகுமுரா ஷின்கிச்சி.

"அம்மா... இது எங்கப்பா பேரு."

"பின்னே, நம்ம ஊர்க்காரர் பேரை விட முடியுமா? ஆனா பாவம், அவரால தூக்க முடியாது. பதிலுக்கு வெளியூர் ஆள் ஒருத்தரைத் தேடிக்கிட்டிருக்கோம், நீங்க அன்னிக்குச் சும்மாதானே இருப்பீங்க?"