நாலு வார்த்தை நல்லதாக

நற்சாட்சிக்காரர் என்று ஒரு மனித இனம் உண்டு. குற்றம் நடந்ததா இல்லையா என்ற கவலையே அவருக்குக் கிடையாது. செய்தவன் தங்கமான பிள்ளை என்று சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கரகோல் ஊரில் இந்த வேலைக்கு ஷர்ஷெனாலியை விட்டால் ஆள் இல்லை. கல்யாணமோ, குழந்தை நடை பழகிய விழாவோ, வாழ்த்துச் சொல்லக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால், விருந்து வைத்தவரின் ஏழு தலைமுறையையும் புகழ்ந்து, சூப்பெல்லாம் ஆறி ஆடை கட்டும்வரை உட்கார மாட்டார்.

அன்று அவர் எழுந்தது நீதிமன்றத்தில். வீடு கட்டித் தருவதாக அறுபது குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிய ஜெனிஷ் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. எத்தனை வருஷம் உள்ளே என்பதுதான் பாக்கி. அரசுத் தரப்பு ஏழு கேட்டது. ஐயோ, சல்லிக்காசு இல்லாதவன், வெளியே விட்டால் உழைத்தாவது திருப்பித் தருவான் என்று வக்கீல் உருகினார். ஜெனிஷின் மனைவி அனிபா வாசலிலேயே கெஞ்சியிருந்தாள்: "அண்ணே, நல்லவருன்னு நாலு வார்த்தை. அதோட உக்காந்துருங்க."

நாலு வார்த்தையா? ஷர்ஷெனாலியிடமா?

தொண்டையைச் செருமினார். பக்கத்திலிருந்த தண்ணீர்க் கோப்பை தானாகக் கையில் ஏறியது. போச்சு!

"என் தம்பி ஜெனிஷ் மாதிரி கொடைவள்ளல் இந்த ஏரிக்கரையில உண்டா? ஏழையாமே! யாருய்யா ஏழை? போன மாசம் மகன் கல்யாண விருந்துக்குக் கறிக்குன்னே மூணு குதிரை அறுத்தான்! மச்சான் பேர்ல மலையில இன்னும் நாப்பது நிக்குது!"

அனிபா தலையில் கை வைத்துக்கொண்டாள். நீதிபதி புர்மகான் அம்மாள் பேனாவைத் திறந்தார்.

"எந்த மேய்ச்சல் நிலம்ங்க ஐயா?"

ரசிக்க ஒரு ஆள் கிடைத்த பூரிப்பில், மேய்ச்சல் நிலத்தின் பெயர், போகும் வழி, குதிரைகளின் நிறம் வரை ஒப்பித்துவிட்டு, ஷர்ஷெனாலி கோப்பையை உயர்த்தினார்.

"எல்லாரும் எழுந்திரிங்க! ஜெனிஷ் நூறு வருஷம் இருக்கணும்!"

பணம் இழந்த அறுபது குடும்பமும் ஒரே மூச்சில் எழுந்தது.

"இருக்கட்டும்! உள்ளயே இருக்கட்டும்!"

ஏழு வருஷம். குதிரைகள் ஏலத்துக்கு. வெளியே அனிபா அழுதாள்: "என் குடியைக் கெடுத்துட்டீங்களே அண்ணே!"

"அழாத தங்கச்சி. ஒரு வார்த்தை பொய் சொன்னேனா?" என்றார் அவர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

சிரிக்கிறீர்களா? போன வாரம் நண்பர் வீட்டுச் சாப்பாட்டில், அவர் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் கை தாராளம்ங்க, தினமும் கடையில எங்க யாரையும் காசு குடுக்க விடமாட்டாரு, எல்லார் பில்லும் அவருதான்" என்று பாராட்டியது யார்? மேஜைக்கு அடியில் உங்கள் காலை நண்பர் ஏன் அப்படி மிதித்தார்?